கொடியில் மூன்று சட்டைகள்

மார்ச் 9, ஞாயிறு

காலையில் புரோக்கர் அருளப்பன் வீட்டைப் பார்க்க வந்தார். பேசிக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். ஒவ்வோர் அறையிலும் தட்டினார். எந்தச் சுவரும் அவரிடம் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

புள்ளியியல் துறையில் எனக்குப் பதவி உயர்வு வந்து கோவைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜூன் தொடக்கத்தில் சேர வேண்டும். அதற்குள் வீட்டை விற்றாக வேண்டும். பூட்டிப் போட்டுவிட்டுப் போனால் மாதாமாதம் பாளையங்கோட்டைக்கு வந்து, தூசி தட்டி, தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். வாடகைக்கு விட்டாலும் அதேதான். எனக்கு இங்கே திரும்பி வர வேண்டாம். இதை இந்த வார்த்தைகளில் யாரிடமும் சொன்னதில்லை.

பத்திரம் பார்க்கிறவரிடம் மறைக்க முடியாது. அதனால் அருளப்பனிடம் சொன்னேன். வீடு என் சம்பளத்தில் கட்டியது; என் பெயரில் மட்டும் இருக்கிறது. எனக்கும் சங்கரலிங்கத்துக்கும் போன வருடம் விவாகரத்து ஆகிவிட்டது. அவர் தூத்துக்குடியில் இருக்கிறார்.

அருளப்பன் தட்டுவதை நிறுத்தினார்.

"மேடம், இத வேற யாருட்டயும் சொல்லிராதீங்க. வீடு வாங்க வாரவன் முதல்ல கேக்கது ஏன் விக்கீங்கன்னுதான். குடும்பம் பிரிஞ்ச வீடுன்னா ராசியில்லன்னு வாசல்லயே திரும்பிருவான். திரும்பாதவன் அடிமாட்டு விலைக்குக் கேப்பான்."

"வேற என்ன சொல்ல?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிடுதேன், சார் ஆபீஸ் போயிருக்காவன்னு. நீங்க மாடிக் கொடியில ரெண்டு மூணு சட்டை மட்டும் காயப் போடுங்க. தளம் ஒழுகுதான்னு பாக்க எல்லாரும் மேல ஏறுவாங்கல்லா. ஆம்பளை இருக்க வீடுன்னு தன்னால தெரிஞ்சிரும்."

ராசிக்கும் விலைக்கும் தொடர்பு உண்டா என்று யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் விற்ற வீடுகள் அதிகம். நான் விற்றது ஒன்றுமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பரணில் இருந்த பெட்டியில் மூன்று சட்டைகள் கிடைத்தன. ஒரு நீலக் கட்டம், ஒரு வெள்ளை, ஒரு பிஸ்கட் நிறம். சங்கரலிங்கம் எடுத்துப்போக மறந்தவை. பூச்சி உருண்டை போட்டுத்தான் வைத்திருந்தேன். பெட்டியில் இடம் இருந்ததால் வைத்தது.

பிஸ்கட் நிறச் சட்டையில் பூஞ்சைப் புள்ளிகள். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தேன். வெள்ளையில் பழைய மஞ்சள் கறை. தெரியாமல் சோப்புப் போட்டதும் கறை ரத்தம்போல் சிவந்துவிட்டது. மஞ்சளில் சோப்புப் பட்டால் அப்படித்தான் ஆகும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி உச்சி வெயிலில் போட்டால் போதும், வெயிலே தின்றுவிடும். மாலையில் பார்த்தேன், ஒன்றுமே இல்லை.

போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் துவைத்தால் வெள்ளைத் துணி பழுப்பேறும். கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர்.

மார்ச் 16, ஞாயிறு

முதலில் வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. அருளப்பன் சொன்னபடி முன்னறைக்குப் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். பெயின்ட் அடித்தால் வீடு விலை போகும் என்பது அவருடைய கட்சி. வந்தவர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"எதுக்கு இப்பப் பெயின்ட் அடிச்சிருக்கீங்க? ஓதம் இருக்கோ?"

சுவரில் ஓத ஈரம் எதுவும் இல்லை என்றேன். மற்ற மூன்று அறைகளின் பழைய சுவரைக் காட்டினேன். நம்பவில்லை. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் ஒளித்ததுபோல் ஆகிவிட்டது.

மாடியில் சட்டைகளை அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

சோப்புப் பவுடரை அள்ளிப் போட்டால் அழுக்கு அதிகமாகப் போகும் என்பது மூடநம்பிக்கை. அலசும் தண்ணீர்தான் அதிகமாகும்.

மார்ச் 23, ஞாயிறு

வேலாயுதம் அண்ணன் போன் செய்தான். வீட்டை விற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"செண்பகம், அவசரப்படாத. ஒருநா அவனுக்கு மனசு மாறும். வந்தா எங்க வருவான்? வீடு இருந்தாத்தான வருவான்."

"தீர்ப்பே வந்திட்டு அண்ணே."

"தீர்ப்பு கெடக்கட்டும். அவன் கையெழுத்து இல்லாம நீ விக்கவும் முடியாது, தெரிஞ்சிக்கோ."

என் பெயரில் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கணவன் கையெழுத்துத் தேவையில்லை. அவர் கணவராக இருந்தபோதும் தேவையில்லை. வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அண்ணனிடம் சொன்னேன். "வக்கீலுக்கு என்ன தெரியும்" என்றான். நான் முதுகலை முடித்ததிலிருந்து என்னிடம் விவாதத்தில் தோற்றால் அவன் இப்படித்தான் முடிப்பான்.

பங்குனி முடியும் வரை யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்களாம், அருளப்பன் சொல்கிறார். பார்க்க மட்டும் வருவார்களாம். ஆகவே ஞாயிறுதோறும் சட்டைகளை நனைத்துப் போடுகிறேன். "மொடமொடன்னு காஞ்சு கெடந்தா தெரிஞ்சிரும் மேடம், சொட்டச் சொட்டத் தொங்கணும்" என்று உத்தரவு.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒருவர் திசைகாட்டியோடு வந்தார். சமையலறை மூலையில் நீண்ட நேரம் நின்றார். அடுப்பு தன் இடத்தில்தான் இருக்கிறதாம், வீடு சற்றுத் திரும்பியிருக்கிறதாம். வீட்டைத் திருப்ப முடியாது என்று அருளப்பன் பணிவாகச் சொன்னார்.

சட்டைகளைக் கொடியில் போடும்போது தோளில் கிளிப் மாட்டக் கூடாது, தடம் விழும். தலைகீழாக, கீழ் விளிம்பில் மாட்ட வேண்டும். உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டால் நிறம் மங்காது.

பிறகு அயர்ன் செய்து அலமாரியில் மாட்டினேன். மடித்து வைத்தால் கோடு விழும்.

ஏப்ரல் 9, புதன்

மகள் நித்திலா பெங்களூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். எனக்குப் பின்னால் அலமாரி திறந்திருந்தது.

"அம்மா, அது அப்பா சட்டையா?"

"ஆமா. புரோக்கர் சொன்னாருன்னு சொன்னேன்லா."

"கொடியில போடுறதுக்குன்னு சொன்னே. எதுக்கு அயர்ன் பண்ணி மாட்டியிருக்கே?"

சுருங்கிய சட்டை கொடியில் பார்க்க நன்றாக இருக்காது என்றேன். மறுபடியும் நனைக்கப்போகும் சட்டை என்பது அவளுக்கும் தெரியும். அவள் தன் அலுவலகக் கேன்டீனில் புது மெனு போட்டிருப்பதைப் பற்றிச் சொன்னாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டு ஞானசெல்விக்கு விவாகரத்து தெரியாது. அவர் தூத்துக்குடிக்குப் போன புதிதில், "சாரக் காணலியே அக்கா" என்று அவள் கேட்டபோது மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஓர் ஆளாவது வளைகுடாவில் இருப்பதால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. தெரு முழுவதற்கும் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

இன்று மத்தியானம் ஞானசெல்வி தூக்குச் சட்டியோடு வாசலில் நிற்கிறாள்.

"சார் லீவுல வந்திருக்காவளா அக்கா? ஒரு வார்த்த சொல்லலியே. மாடியில சட்ட தொங்கவும்தான் தெரிஞ்சிது. நெய்மீன் கொழம்பு, சாருக்குப் புடிக்கும்லா."

இல்லை என்றால் சட்டை யாருடையது என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்றேன்.

"தூங்குதாவளா?"

அதற்கும் ஆமாம் என்றேன்.

"அலைச்சல்லா. தூங்கட்டும். பெறவு வந்து பாக்கேன்."

குழம்பு மிக நன்றாக இருந்தது. பொய்க்கு இவ்வளவு நல்ல குழம்பு கிடைக்கக் கூடாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

சித்திரை பிறந்த பிறகு வந்த முதல் ஆட்கள். அம்பாசமுத்திரத்துக்காரர்கள். கல்யாணசுந்தரம், அவர் மனைவி ஆவுடையம்மாள். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல். இங்கே மகனுக்கு வேலை கிடைத்திருப்பதால் வீடு தேடுகிறார்கள். இரண்டாம் முறையாக வந்தார்கள். முதல் முறை வியாழக்கிழமை, நான் அலுவலகத்திலிருந்து பாதியில் வந்து சட்டைகளை நனைத்துப் போட்டேன்.

அவர் அறைகளை அளந்தார். அந்த அம்மாள் அறைகளைப் பார்க்கவே இல்லை. நேரே மாடிக்குப் போனார். சட்டைகளுக்கு முன்னால் நின்று, வெள்ளைச் சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தார். விடுவதற்கு மனமில்லாததுபோல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"சார் எங்க?"

"ஆபீசுக்குப் போயிருக்காவ" என்றார் அருளப்பன்.

"ஞாயித்துக்கெழமையா?"

"இயர் எண்டிங் அம்மா" என்றார் அருளப்பன். ஏப்ரல் இருபதாம் தேதி.

ஆனாலும் அவர்களுக்கு வீடு பிடித்திருந்தது. இறங்கும்போது கல்யாணசுந்தரம் விலையைப் பற்றிப் பேச்செடுத்தார். நியாயமாகத்தான் கேட்டார். முதலில் கேட்கிற விலைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்று அருளப்பன் கண் காட்டினார். இது முதலில் வந்த விலை மட்டுமல்ல, ஒரே விலையும்கூட. எனக்குச் சம்மதம் என்றேன்.

மே மாதத்துக்குள் முடிந்துவிடும்போல் இருக்கிறது. இரவு நன்றாகத் தூங்கினால் நல்லது.

ஏப்ரல் 25, வெள்ளி

அருளப்பன் போன் செய்தார். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் பின்வாங்குகிறார்களாம். தெருவில் விசாரித்திருக்கிறார்கள். எதிர்வீட்டில் என்ன சொன்னார்களோ, "வில்லங்கம் இருக்க வீடு எங்களுக்கு வேண்டாம்" என்றார்களாம்.

வில்லங்கச் சான்றில் ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

"அவங்க சொல்லுதது பேப்பர்ல உள்ள வில்லங்கத்த இல்ல மேடம்" என்றார் அருளப்பன். "ஞாயித்துக்கெழமை ஒரு தடவ வந்து நேர்ல பேசணுமாம். சாரும் இருக்கணும்னு சொல்லுதாங்க. என் மச்சினன் ஒருத்தன் இருக்கான், பாக்கதுக்கு ஆபீசர் மாதிரியே இருப்பான்..."

போனை வைத்துவிட்டேன்.

இவர்களும் போய்விட்டால் வீடு இங்கேயே நிற்கும். நானும் வந்துகொண்டே இருப்பேன். ஞானசெல்வி குழம்பு கொண்டுவருவாள். அவர் தூங்கிக்கொண்டே இருப்பார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சட்டைகளை நனைக்கவில்லை. மடித்து நாற்காலியில் வைத்தேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். ஆவுடையம்மாள் உட்காரவில்லை. உள்ளறைப் பக்கம் பார்த்தபடி பேசினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. புரோக்கர், சார் ஆபீஸ் போயிருக்காவங்காரு. எதிர்வீட்டுல கேட்டா, மஸ்கட்ல இருந்து லீவுக்கு வந்திருக்காவ, வீட்டுக்குள்ளயேதான் இருக்காவ, வெளியவே வரமாட்டேங்காவன்னு சொல்லுதாவ. நாங்க ரெண்டு தடவ வந்துட்டோம், எங்க முன்னாலயும் வரல. அவுகளுக்கு விக்க இஷ்டமில்லையோ? நாளைக்கு வந்து கோர்ட்டுல நிப்பாவளோ? ஒரு தடவ கூப்பிடுங்க. ஒரு வார்த்த சம்மதம்னு சொன்னாப் போதும்."

அருளப்பன் சுவரைத் தட்டப் போனார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"உள்ள யாரும் இல்ல" என்றேன். "போய்ப் பாருங்க."

ஆவுடையம்மாள் போய்ப் பார்க்கவில்லை. நான் சொல்லட்டும் என்று நின்றார். சொன்னேன். மஸ்கட் இல்லை, ஆபீசும் இல்லை. போன வருடம் விவாகரத்து ஆகிவிட்டது. இந்தச் சட்டைகளுக்குள் இரண்டு வருடமாக யாரும் இல்லை. வீடு என் பெயரில் மட்டும் இருக்கிறது. தீர்ப்பு நகலையும் பத்திரத்தையும் எடுத்து வைத்தேன்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. என் குரலில் ஒன்றும் ஆகவில்லை.

கல்யாணசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்பைப் படித்தார். ஆவுடையம்மாள் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார்.

"நான் அன்னைக்கே இவுகள்ட்ட சொன்னேன்" என்றார், குடித்து முடித்து. "ரெண்டு தடவையும் அதே மூணு சட்டை. ஒரு பனியன் கெடையாது, ஒரு கைலி கெடையாது, கர்ச்சீப்புகூடக் கெடையாது. காலர்ல பொட்டு அழுக்கு இல்ல. பனியனே போடாத ஆம்பளையா, இல்ல பனியனை மட்டும் வீட்டுக்குள்ள காயப் போடுத ஆம்பளையான்னு வழியெல்லாம் பேசிக்கிட்டே போனோம்."

"நீ பேசிக்கிட்டே வந்த" என்றார் கல்யாணசுந்தரம் தலையை நிமிர்த்தாமல்.

அருளப்பன் என்னைக் குற்றம் சாட்டுவதுபோல் பார்த்தார். பனியன் அவர் உத்தரவில் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன். ஆவுடையம்மாள் முதலில் சிரித்துவிட்டார், அதனால் நானும் சிரித்தேன்.

"குடும்பம் பிரிஞ்ச வீடு" என்றேன். "ராசி பாப்பீங்கன்னா இப்பவே சொல்லிருங்க."

"ஏ அக்கா, அம்பாசமுத்திரத்துல எங்க வீட்டுல என் மாமனாரும் அவுக தம்பியும் இருபது வருசம் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கல. அதுக்கு வீடு என்ன செய்யும்? கோர்ட்டு கேசு இல்லல்லா, அது போதும். தண்ணியச் சொல்லுங்க. உங்க வெள்ளச் சட்ட பழுப்பே ஏறாம இருந்திச்சே, அதப் பாத்துத்தான் நான் ரெண்டாந்தடவ வந்தது. போர் தண்ணி நல்ல தண்ணியோ?"

அப்போதுதான் அவர் காலரைப் பிடித்துக்கொண்டு நின்ற காரணம் புரிந்தது. தலையாட்டிவிட்டால் முடிந்தது. அருளப்பன் எனக்கு முன்பே தலையாட்டத் தொடங்கியிருந்தார்.

"போர் தண்ணி உப்புதான்" என்றேன். "சோப்பு நுரைக்காது. வெள்ளத் துணியக் குழாய்த் தண்ணியில அலசணும். குழாய்ல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். தொட்டி கட்டியிருக்கேன், பிடிச்சு வச்சுக்கிடலாம்."

அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆவுடையம்மாள் கணவரிடம் திரும்பினார்.

"நல்ல தண்ணின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நமக்கு இப்பத் தெரியவா போவுது? இவுகள்ட்டயே வாங்குவோம்."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார் கல்யாணசுந்தரம், தீர்ப்பை மடித்துக் கொடுத்து.

அவர்கள் போன பிறகு அருளப்பன் கொஞ்சம் தயங்கி நின்றார். நாற்காலியைப் பார்த்தார்.

"மேடம், இனி அந்தச் சட்ட உங்களுக்குத் தேவைப்படாதுன்னா... நாப்பது சைஸ்தான? எனக்கும் நாப்பதுதான்."

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அவர் போன பிறகும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஞானசெல்வியிடம் தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். உண்மையையும் சொன்னேன். "அப்போ நெய்மீன் கொழம்ப யாரு சாப்பிட்டா?" என்றாள். நான்தான் என்றேன். "முழுசையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மே 1, வியாழன்

நல்ல நாள் பார்த்து முன்பணம் கொடுத்தார்கள். ஆவுடையம்மாள் ஒப்பந்தத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தார். பிறகு அதே விரலால் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதில் புடவையெல்லாம் மஞ்சள்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "அவன் கையெழுத்து?" என்றான். பதிவு அன்று வந்து பார் என்றேன்.

மே 2, வெள்ளி

புடவையில் சோப்புப் போடவில்லை. அலசி மாடியில் போட்டேன். மாலைக்குள் வெயில் பார்த்துக்கொண்டது.

மே 19, திங்கள்

சார்பதிவாளர் அலுவலகம். அண்ணன் வந்திருந்தான். வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

நான் கையெழுத்துப் போட்டேன், விரல் ரேகை வைத்தேன். யாரும் கணவரைக் கேட்கவில்லை. அடுத்து சாட்சிகள். ஒருவர் கல்யாணசுந்தரத்தின் தம்பி. இன்னொருவர் அருளப்பன். நீலக் கட்டம் போட்ட சட்டையில் வந்திருந்தார். அவருக்கு வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இறுக்கம்; கடைசிப் பொத்தானைப் போடவில்லை.

அண்ணன் சட்டையைப் பார்த்தான். சங்கரலிங்கம் எங்களோடு இருந்த கடைசித் தீபாவளிச் சட்டை அது, அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தது. என்னைப் பார்த்தான். மறுபடி சட்டையைப் பார்த்தான்.

"கையெழுத்து வேணும்னு சொன்னேல்லா" என்றேன். "போடுது பாரு."

அவன் சிரிக்கக் கூடாது என்று நினைத்தான். முடியவில்லை. வெளியே வந்ததும் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தான், அருளப்பனுக்கும் சேர்த்து.

"சட்டைய நல்லா வச்சிருந்திருக்க" என்றான் என்னிடம் தனியாக.

"பூச்சி உருண்டை போட்டிருந்தேன்" என்றேன்.

"உம்" என்றான்.

ஜூன் 8, ஞாயிறு

கோவை. வாடகை வீடு, முதல் மாடி. மேலே பொது மொட்டை மாடி. எங்கள் வீட்டுக்கென்று இரண்டு கொடி ஒதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது. அரைக் கரண்டி பவுடரே அதிகம், நுரை அடங்க மாட்டேன் என்கிறது.

இரண்டு புடவை, ஒரு துண்டு, ஒரு தலையணை உறை, உள்ளாடைகள். எல்லாவற்றையும் வெளியிலேயே போட்டேன். கீழ்வீட்டு தெய்வானை வாளி நிறையத் துணியோடு ஏறி வந்தார்.

"புதுசா வந்திருக்கறது நீங்கதானுங்களா? சாருக்கு எங்கீங்க வேலை?"

கையில் கிளிப் இருந்தது. மாட்டி முடித்தேன்.

"சார்னு யாரும் இல்ல. விவாகரத்து ஆயிட்டு. நான் மட்டும்தான்."

அவர் என் கொடியைப் பார்த்தார். பக்கத்தில் காலியாக இருந்த இன்னொரு கொடியைப் பார்த்தார். தன் வாளியைப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு ஒரு கொடி போதுமில்லீங்க? எங்க வீட்டுல அஞ்சு பேருங்க. அந்த இன்னொண்ண நாங்க எடுத்துக்கலாமுங்களா?"

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு படி இறங்கிய பிறகு நினைவு வந்து திரும்பிச் சொன்னேன், போர்வை துவைக்கிற அன்று மட்டும் எனக்கு வேண்டும்.

"அன்னைக்கு ஒரு சத்தம் குடுங்க" என்றார். அதற்குள் அவர் வீட்டுப் பனியன்கள் வரிசையாகத் தொங்க ஆரம்பித்திருந்தன.